மச்சில் கட்டிய தண்ணீர்

எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். வேலையிடத்தில் யாராவது என்னைத் திருத்த வந்தால் கேட்கவே வேண்டாம். இருபத்தாறு வருஷமாகத் தரைக்குக் கல் பதிக்கிறேன். பரமத்தி வேலூரிலிருந்து மோகனூர் வரைக்கும், தனசேகர் மேஸ்திரி போட்ட தரையில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும் என்று சொல்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டே எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. இந்தக் கதையைச் சொல்லும்போதுகூட அந்தக் கோலிக்குண்டுப் பேச்சைத்தான் முதலில் எடுத்தேன், பாருங்கள். அவ்வளவுதான் நான்.

சௌந்திரம் அம்மாவின் வீடு காவிரிப் பக்கம், வெற்றிலைக் கொடிக்கால்களைத் தாண்டிப் போனால் வரும். மாமனார் காலத்து மச்சு வீடு. கீழே தடித்த சுவர். மேல்தளம் முழுக்க மரம். பனை உத்தரம், குறுக்கே சட்டங்கள், அவற்றின் மேல் வேம்புப் பலகை. நடந்தால் காலுக்கடியில் கிறீச்சிடும். அம்மாவின் மகன் சித்தார்த் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர். அந்த மச்சு அறையை ஆபீஸாக மாற்ற வேண்டும், தரைக்குக் கறுப்புக் கடப்பாக் கல்தான் பதிக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அவர் டெல்லிக்குப் போயிருந்த மாதத்தில் வேலையை முடித்துவிடலாம் என்று அம்மா என்னைக் கூப்பிட்டார்கள்.

"ஏனுங்க மேஸ்திரி, பலகை மேல கல்லு நிக்குமுங்களா? நீங்க இதுக்கு முன்னால மரத்து மேல போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார்கள்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தெரிந்தவனைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். என் வாய் சும்மா இருந்தால்தானே!

"பெங்களூர்ல நாலு ஊட்டுக்குப் போட்டிருக்கேனுங்கம்மா. இதெல்லாம் ஒரு வேலைங்களா?" என்றேன்.

பெங்களூரில் ஆறு மாதம் இருந்தது உண்மை. அங்கே ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் வரிசையாகக் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டினேன். எல்லாம் கான்கிரீட். மரப்பலகையைச் சாரம் கட்டும்போது பார்த்ததோடு சரி. நான் அப்படி அளந்துவிட்டபோது என் பின்னால் ராசாத்தி நின்றிருந்தாள். அவளும் அந்த ஆறு மாதம் பெங்களூரில் எங்களோடு இருந்தவள்தான். அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

ராசாத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்பது வருஷமாக என்னிடம் சித்தாள். மணல் சலிப்பது, கலவை குழைப்பது, கல் சுமப்பது என்று எங்கள் பக்கம் பெண்களுக்கு என்ன வேலை கொடுப்போமோ அதைத்தான் கொடுத்திருந்தேன். கலவை பூசுகிற கரண்டியை எந்த மேஸ்திரியும் பெண் கையில் கொடுப்பதில்லை. நானும் கொடுக்கவில்லை. ஆனால் போன வருஷம் இதே சௌந்திரம் அம்மா வீட்டில் சமையலறைச் சுவருக்கு டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு மூட்டு வலிக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். நாலு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் மீதிச் சுவரை இவளே ஒட்டி முடித்திருந்தாள். குழாய் வருகிற இடத்தில் டைல்ஸை வட்டமாக வெட்டியிருந்தாள், ஒரு சில்லுகூடப் பெயரவில்லை. என் பக்கம் எது, அவள் பக்கம் எது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.

சௌந்திரம் அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அவர்களுடைய மகள் தனப்பிரியா நாமக்கல்லில் புது வீடு கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் எல்லோர் முன்னாலும், "ராசாத்தி, என்ற மவ ஊட்டுப் பாத்ரூம் வேலைய உனக்குத்தான் தரப்போறேன். நீதான் மேஸ்திரி. உன்ற பேர்லயே எடுத்துச் செய்யோணும்" என்று சொல்லிவிட்டார்கள். ராசாத்தி உடனே போனை எடுத்தாள். அவள் வீட்டுக்காரர் போர் போடுகிற ரிக் வண்டியில் சத்தீஸ்கர் பக்கம் இருந்தார். அவருக்குப் போன் போட்டுச் சொன்னாள். அதிலிருந்து அவர் போனை எடுத்தாலே "மேஸ்திரியம்மா, சாப்பிட்டாச்சுங்களா?" என்றுதான் ஆரம்பிப்பாராம். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

நானும் நல்லது என்றுதான் சொன்னேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு அது பிடிக்கவில்லை. கலவைச் சட்டி தூக்குகிறவள் நாளைக்கு எனக்குச் சமமாகக் கரண்டி பிடித்து நிற்பாளா என்று ஓர் அரிப்பு. அப்போது அதை நான் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். கேட்டவனை அடிக்கப் போயிருப்பேன்.

மச்சு வேலைக்கு முதலில் தச்சு ஆசாரி தீர்த்தகிரி வந்தார். உளுத்துப்போன மூன்று பலகைகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு போட்டார். இரண்டு நாளும் ராசாத்திதான் அவருக்குப் பலகை பிடித்துக் கொடுத்தாள். நான் கல் பார்க்கக் கடைக்குப் போயிருந்தேன். மூன்றாம் நாள் ஆசாரி கரூரில் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

நான் என் வழியில் ஆரம்பித்தேன். பலகை மேல் கோழி வலையை விரித்து ஆணி அடித்தேன். அதன் மேல் இரண்டு அங்குலத்துக்குச் சிமெண்டுக் கலவை கொட்டி, மட்டக்கட்டையை இழுத்துத் தளம் போட்டேன். பழைய பலகை ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிக் கிடந்தது. என் தளம் கண்ணாடி மாதிரி மட்டமாக வந்தது. சௌந்திரம் அம்மா வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, "அட, எத்தன பாங்கா வந்திருக்குது!" என்றார்கள். எனக்கு ஒரு முழம் வளர்ந்த மாதிரி இருந்தது.

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்குத் தளம் இறுகியிருந்தது. எங்கள் தொழிலில் கலவை போட்டால் தண்ணீர் கட்ட வேண்டும். ஓரமாக விரல் உயரத்துக்கு வரப்பு வைத்து, வயலில் பாத்தி கட்டுவது போலக் கட்டி, அதில் தண்ணீரை நிறுத்திவிடுவோம். அப்போதுதான் தளம் வெடிக்காது. கரண்டி பிடிக்கிற ஒவ்வொருத்தனுக்கும் முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற விஷயம் இது. தண்ணீர் கட்டாமல் வீட்டுக்குப் போனால் எனக்குத் தூக்கம் வராது. கீழே இருப்பது மரம் என்பது என் மூளையில் ஏறவே இல்லை.

"ராசாத்தி, ஓரத்துல வரப்பு கட்டித் தண்ணி நிறுத்து. நல்லா நெறைய நிக்கோணும்" என்றேன்.

அவள் குடத்தை எடுக்கவில்லை. "அண்ணா, பலகைக்குத் தண்ணியே ஆவாதுன்னு ஆசாரி சொன்னாருங்க. பலகையெல்லாம் சட்டத்தோட சேத்துத் திருகாணி போட்டு இறுக்கிப்போட்டு, மேல சிமெண்டு போர்டு அடிச்சு, பசையிலதான் கல்லு ஒட்டோணுமாமுங்க. கலவையே போடக்கூடாதாமா. நேத்தே சொல்லலாம்னு வந்தேன், நீங்க கோவமா இருந்தீங்க" என்றாள்.

கூட வேலை செய்த இரண்டு ஆட்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. போட்டு முடித்த தளத்தைத் தப்பு என்கிறாள், அதுவும் ஆட்கள் முன்னால்!

"ஆசாரி மரத்தப் பாக்கட்டும், கல்லு வேலைய நான் பாத்துக்கறேன். பாத்ரூம் ஒண்ணு கெடைக்கப்போவுதுன்னதும் எனக்கே பாடம் நடத்த வந்துட்டியா? மேஸ்திரியம்மாவுக்குக் குடம் தூக்கக் கை கூசுதோ?" என்றேன்.

ஆட்கள் சிரித்தார்கள். ராசாத்தியின் முகம் சுண்டிவிட்டது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கீழே போனாள். தண்ணீர்த் தொட்டிக்கும் மச்சுக்கும் நடுவில் பதினாலு படி. ஏறி ஏறி இறங்கினாள். நான் அது முடிகிறவரைகூட நிற்கவில்லை. வேலூரில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போக வேண்டியிருந்தது. என் எக்செல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

காலையில் ஆறே முக்காலுக்குச் சௌந்திரம் அம்மா போன் செய்தார்கள். "மேஸ்திரி, சித்த வெரசலா வாங்க" என்று மட்டும் சொன்னார்கள். குரலே சரியில்லை.

மச்சுக்கு நேர் கீழே உள்ள அறையில் மஞ்சள் மூட்டைகள் அடுக்கியிருந்தன. வேகவைத்துக் காயவைத்துப் பாலீஷ் போட்ட விரலி மஞ்சள். விலை ஏறட்டும் என்று சித்திரையிலிருந்து வைத்திருந்தார்கள். நான் போனபோது மூட்டைகள் சிவப்பாக இருந்தன. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கிற எல்லா வீட்டுக்கும் தெரியும். சிமெண்டுத் தண்ணீருக்கும் அதே குணம்தான். பலகை இடுக்கெல்லாம் வழியாகத் தண்ணீர் ராத்திரி முழுக்கச் சொட்டியிருக்கிறது. மேல் வரிசை மூட்டைகள் முழுக்க நனைந்து, சாக்கிலிருந்து சிவப்பாக வழிந்து, தரையெல்லாம் ஆரத்தித் தட்டைக் கவிழ்த்த மாதிரி கிடந்தது. அண்ணாந்து பார்த்தேன். பலகைகள் நீரைக் குடித்து உப்பிக்கொண்டிருந்தன. ஓர் உத்தரம் பாரம் தாங்காமல் லேசாகத் தொங்கியது.

பார்த்த நொடியே தெரிந்துவிட்டது, இது என் வேலை. வேறு யாருடையதும் இல்லை.

சௌந்திரம் அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. ஈர மஞ்சளை ஒரு கை அள்ளிப் பார்த்து, "வெள்ளாம எடுத்த நாள்ல இருந்து ஒரு துளி மழை படாம காபந்து பண்ணுனனுங்க" என்றார்கள். பிறகு ஆசாரிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்கள். ராசாத்தியும் அதற்குள் வந்திருந்தாள். கதவோரத்தில் நின்றாள்.

"மரத்துக்கு மேல எவனுங்க தண்ணி கட்டுனது?" என்று ஆசாரி அங்கிருந்தே கத்தினார். "அந்த ராசாத்திப் புள்ளகிட்டப் படிச்சுப் படிச்சுச் சொன்னேனுங்களே! ஒரு சொட்டு படக்கூடாதுன்னு. அதுவும் கருத்தாத்தான் கேட்டுச்சு!"

அம்மா போனை வைத்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார்கள். "யாருங்க தண்ணி ஊத்துனது?"

அந்த நேரத்தில் ஒரே ஒரு வார்த்தை போதும். நான் என்று சொன்னால் போதும். சொன்னால் பெங்களூர் கதை உடையும், கோலிக்குண்டுப் பேச்சு போகும், வேலூர் கடைத்தெருவில் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். இதெல்லாம் ஒரு நொடியில் என் தலைக்குள் ஓடிவிட்டது. பயந்துவிட்டேன். பச்சையாகச் சொன்னால் அவ்வளவுதான்.

"ராசாத்திதானுங்கம்மா ஊத்துனா. நான் நாலரைக்கே கெளம்பிட்டேனுங்க" என்றேன்.

இதில் பொய் ஒரு வார்த்தை இல்லை. ஊற்றியது அவள்தான், நான் கிளம்பியது நாலரைக்குத்தான். அதுதான் இன்னும் கேவலம்.

ராசாத்தி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை, நான் அடுத்து ஏதோ சொல்லி முடிக்கப்போகிறேன் என்று காத்திருக்கிற மாதிரி பார்த்தாள். நான் சொல்லவில்லை என்றதும் அவளே சொன்னாள். "ஆசாரி சொன்னத அண்ணாகிட்டச் சொன்னேனுங்கம்மா. அண்ணாதான் கட்டச் சொன்னாருங்க."

"ஏனுங்க மேஸ்திரி, சொன்னாளா?"

"அப்படி எதுவும் சொன்ன மாதிரி எனக்கு நெனவில்லீங்க" என்றேன். என் கண் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் குரல் நடுங்கவேயில்லை. எப்படி நடுங்காமல் இருந்தது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

சௌந்திரம் அம்மா பெருமூச்சு விட்டார்கள். "ஆசாரி அத்தன சொல்லியும் ஊத்திப்போட்டு, இப்ப மேஸ்திரி மேல சாட்டறயே புள்ள. பெங்களூர் வரைக்கும் போயி மரத்து மேல கல்லு போட்ட மனுசன், தண்ணி கட்டச் சொல்லுவாரா? தெரியாமச் செஞ்சுபோட்டேன்னு சொல்லியிருந்தா நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன். பொய்யி சொல்றவங்கள நம்பி என்ற மவ ஊட்டு வேலைய எப்படிக் குடுக்கறது? நீ போ சாமி. பாத்ரூம் வேலைய நான் வேற பாத்துக்கறேன்."

ராசாத்தி அழவில்லை. சோற்றுப் போசியை எடுத்துக்கொண்டாள். செருப்பைப் போட்டுக்கொண்டு தோட்டத்து வழியாகப் பஸ் ரோட்டுக்கு நடந்தாள். கூட வேலை செய்த ஆட்கள் இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் அவளைக் கேலி செய்தபோது சிரித்தவர்கள், அவர்களுக்கு எல்லாம் தெரியும். அவர்களும் வாயைத் திறக்கவில்லை. மேஸ்திரியைப் பகைத்தால் நாளைக்கு வேலை யார் கொடுப்பது? அவர்களை நான் குறை சொல்ல முடியாது.

நான் போட்ட தளத்தை நானே உடைத்து அள்ளினேன். பலகை காயப் பதினைந்து நாள் ஆனது. ஆசாரி கரூரிலிருந்து வந்து உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்தார். கெட்டுப்போன பலகைகளை மாற்றினார். சாணுக்கு ஒரு திருகாணி என்று சட்டத்தோடு சேர்த்து முறுக்கினார். அதன் மேல் சிமெண்டு போர்டுகளைச் செங்கல் கட்டுகிற மாதிரி இணைப்பு மாற்றி மாற்றி அடித்தார். சுவரோரம் விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டார், மரம் வெயிலுக்கு நீளும் மழைக்கு ஊதும் என்றார். நான் எல்லாம் தெரிந்தவன் மாதிரித் தலையாட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன்.

ஒரு நாள் டீ குடிக்கும்போது ஆசாரி சொன்னார். "அந்தப் புள்ள ரெண்டு தடவ கேட்டுதுங்க. திருகாணி எத்தன எடைவெளி, போர்டுக்கு எது மேல்பக்கம்னு. நான் சொன்னதக் கையில எழுதிக்கூட வெச்சுக்கிச்சு. அது எப்படிங்க தண்ணி ஊத்தும்?"

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். "என்ன பண்றதுங்க, மறந்துபோயிருக்கும்" என்றேன். இது மூன்றாவது தடவை. ஒவ்வொரு தடவையும் சுலபமாகிக்கொண்டே போனது. ஆனாலும் வழியில் அவள் ஏறுகிற பஸ் நிறுத்தம் வந்தால் வண்டியைச் சந்து வழியாகத் திருப்பினேன். நாற்பத்தெட்டு வயது ஆள் ஒரு சித்தாளுக்குப் பயந்து சந்தில் போகிறான், தூ!

கல் பதித்து முடித்த அன்றைக்குச் சௌந்திரம் அம்மா வெறுங்காலோடு மச்சில் அங்கும் இங்கும் நடந்து பார்த்தார்கள். கறுப்புக் கல் ஒன்றுகூட ஆடவில்லை. காலடியில் ஒரு சத்தமும் இல்லை. "பெங்களூர் வேலைன்னா சும்மாவா!" என்று சிரித்தார்கள்.

என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். "அம்மா, அன்னைக்குத் தண்ணி கட்டச் சொன்னது நானுங்க. ராசாத்தி மேல தப்பே இல்லீங்க. அவ வேண்டாம்னுதான் சொன்னா."

அவர்கள் என் பக்கம் திரும்பினார்கள். கண்ணில் தண்ணீர் துளிர்த்துவிட்டது. "உங்களுக்குப் பெரிய மனசுங்க மேஸ்திரி" என்றார்கள். "ஒம்போது வருசம் கூட இருந்த புள்ளைக்கு வேல போச்சேன்னு, பழியத் தூக்கி உங்க தலமேல போட்டுக்கறீங்க. எனக்குத் தெரியாதுங்களா? இந்த மாதிரி வேலையச் செஞ்ச கையா மரத்துக்குத் தண்ணி கட்டும்?" என்று தரையைக் காட்டினார்கள்.

"இல்லீங்கம்மா, நெசமாத்தான்..."

"உடுங்க. போனது போச்சு. மவ ஊட்டுப் பாத்ரூம நீங்களே எடுத்துப் பண்ணிக் குடுங்க. வேற யாரையும் எனக்கு நம்பிக்கையில்ல."

அப்போதாவது முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். "சரிங்கம்மா" என்றேன். பாரத்தை இறக்கி வைத்துவிட்ட மாதிரிகூட இருந்தது. சொல்லிவிட்டேன், அவர்கள் நம்பவில்லை, நான் என்ன செய்வேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அந்த ராத்திரி நன்றாகவே தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை ராசாத்தி வீட்டுக்குப் போனேன். வாசலில் ஈரச் சாக்கை விரித்து, வெற்றிலையை அளவு பார்த்து அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். கொடிக்காலில் இப்போது அந்த வேலைக்குத்தான் போகிறாள் என்று தெருவில் சொன்னார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"வாங்கண்ணா. உக்காருங்க" என்று பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டாள். உள்ளே போய்க் காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். திட்டுவாள் என்று வழியெல்லாம் பதில் தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். ஒன்றுக்கும் வேலையில்லாமல் போய்விட்டது.

"அம்மாகிட்ட உண்மையச் சொல்லிட்டேன் ராசாத்தி. தண்ணி ஊத்தச் சொன்னது நான்தான்னு."

அவள் கை நின்றது. "என்னங்க சொன்னாங்க?"

"நம்பல. உன்னயக் காப்பாத்தறேன்னு நெனச்சுக்கிட்டாங்க. ஆனா நீ கவலப்படாத. பாத்ரூம் வேல என்கிட்டத்தான் வந்திருக்குது. நீ வந்து கல்லு போடு. வெட்டறது, ஒட்டறது, தண்ணி ஓடற வாட்டம் பாக்கறது எல்லாம் நீயே பண்ணு. நான் சும்மா பேருக்கு நிக்கறேன்."

சொல்லும்போது பெரிய உபகாரம் பண்ணுகிற மாதிரித்தான் எனக்கு இருந்தது.

"பேருதானுங்கண்ணா எனக்கு வேணும்" என்றாள் ராசாத்தி. "வேல எனக்கு ஒம்போது வருசமா இருந்துதுங்களே."

அவள் ஒரு வெற்றிலையை எடுத்து, காம்பைக் கிள்ளி, அடுக்கில் வைத்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. பெங்களூர்ல மரத்து மேல கல்லே போட்டதில்லைன்னு அம்மாகிட்டச் சொன்னீங்களா?"

"அது... அது எதுக்கு இப்ப?"

"அதச் சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்க. அதச் சொல்லாம மத்தத மட்டும் சொன்னா நம்ப மாட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. தெரிந்துதான் செய்தேனா? சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை அப்படி நினைத்துப் பார்த்ததில்லை. ஆனால் அவள் கேட்டதும் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கே தெரியாமல் எனக்குத் தெரிந்திருக்கிறது. எவ்வளவு சொன்னால் என் பேர் கெடாதோ அவ்வளவை அளந்து சொல்லியிருக்கிறேன்.

"இப்பப் போன் போடுங்கண்ணா" என்றாள். கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை. "பெங்களூர் கத பொய்யின்னு ஒரு வார்த்த. அப்பறம் அவங்க எனக்கு வேல குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி. பொய்யி சொன்னவன்னு என்ற பேரு இருக்கக்கூடாது. அது போதுமுங்க."

நான் போனை எடுத்தேன். நிஜமாகவே சொல்லிவிட வேண்டும் என்றுதான் எடுத்தேன். ஸ்பீக்கரில் வைத்தேன். மணி அடித்தது. ராசாத்தி வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் சேர்த்து வைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்க மேஸ்திரி" என்றார்கள் சௌந்திரம் அம்மா. "இப்பத்தான் உங்களப் பத்திச் சித்தார்த்கிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தேன். தரையப் படம் புடிச்சு அனுப்புனேனுங்க, அசந்துபோயிட்டான்."

"அம்மா, நான் ஒண்ணு சொல்லோணுமுங்க..."

"சொல்லுங்க."

நாக்கு வரைக்கும் வந்தது. பெங்களூர் என்று ஆரம்பித்தால் போதும். ராசாத்தி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள், அந்தச் சத்தம் அடங்கட்டும் என்று நான் காத்திருந்தேன். அது அடங்கியது.

"என்னங்க மேஸ்திரி?"

"ஒண்ணுமில்லீங்கம்மா. பாத்ரூம் வேலய எப்ப ஆரம்பிக்கலாமுங்க?"

"புதன்கெழம நாளு நல்லா இருக்குது. வந்துருங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள்.

நான் போனைச் சட்டைப் பையில் போட்டேன். தலையைத் தூக்க முடியவில்லை. ராசாத்தி மறுபடியும் வெற்றிலையை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். ஒரு கட்டு முடிந்ததும் வாழை நாரால் கட்டி ஓரமாக வைத்தாள். அவள் என்னை ஏதாவது சொல்ல மாட்டாளா என்று எனக்கு இருந்தது.

"காபி ஆறிப்போச்சுங்கண்ணா" என்றாள் கடைசியில். "சுட வெச்சுத் தாரனுங்களா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆறிய காபியை ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். புதன்கிழமை எட்டரை மணிக்கெல்லாம் நாமக்கல் போய் வேலையையும் ஆரம்பித்தேன்.